சிறுநீரகப் புற்றுநோய் ஊர் என்று பெயர் வாங்கிய ஊர்

செத்தவர் வீட்டுக்குப் போய், எப்படிச் செத்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரும் வேலையை விரும்பிச் செய்கிறவர்கள் குறைவு. நான் விரும்பிச் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும், பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு வாசலில் பந்தல் போட்டுச் சங்கு ஊதினால், 'என்ன வயசு, என்ன வியாதி' என்றுதான் என் மனசு முதலில் கேட்கிறது. என் வீட்டுக்காரர் இதைக் கெட்ட பழக்கம் என்கிறார். அவர் வங்கியில் வேலை பார்த்தவர். அவருக்கு வேறு கெட்ட பழக்கங்கள்.

புற்றுநோய்ச் சாவுகளைக் கணக்கெடுக்கும் இந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், "அனுபவத்துல ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டீர்கள். எப்படி எண்ணுவது, எப்படி விகிதம் போடுவது, வரைபடத்தில் எந்தக் கோடு மேலே போகிறது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். அந்த எண்கள் நம் அறையை விட்டு வெளியே போனபின் என்ன பாடு படுத்தும் என்பதைச் சொல்கிறேன். அதைக் கம்ப்யூட்டர் சொல்லாது.

முதலில் ஒரு சின்ன விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் எல்லாவற்றையும் கேட்டு எழுதி முடித்து, எழுந்து, மரியாதையாக "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டேன். செத்தவருடைய கொழுந்தி என்னை வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தாள். "இன்னொரு தடவை வேற வரணுமா உனக்கு? இந்த வீட்ல இன்னும் யாரு போகணும்?" என்று கேட்டாள். நான் சலாம் சொல்லிப் புறப்படுகிற வீட்டில் வளர்ந்தவள். இருந்தாலும் துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும்தான். ஆனால் பையைத் தோளில் மாட்டியதும் நான் ஆபீஸ் மனுஷியாகிவிட்டேன், தெரிந்தது மறந்துவிட்டது. நம் தொழிலில் பாதித் தவறுகள் இப்படித்தான் நடக்கின்றன. வீட்டில் இருக்கும்போது நமக்குத் தெரிந்த விஷயம், ஆபீசுக்குள் நுழைந்ததும் தெரியாமல் போய்விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் சொல்லப்போகிற ஊர் திருப்பனந்தாள் பக்கம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை நாங்கள் பெயரைச் சொல்லி அது பட்ட பாடு போதும்.

சத்துணவுக் கூடங்கள் புதுச் சுண்ணாம்பு அடித்து நின்ற காலம். கடைத்தெருச் சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு, வயல் பக்கம் போனால் செங்கொடி. குறுவை அறுப்பு நெருங்கினால் கூலித் தகராறு, தாசில்தார் முன்னால் பேச்சு வார்த்தை, எங்காவது ஒரு களத்துமேட்டில் போலீஸ் வேன். குத்தகைப் பதிவுக்கு ஒரு தாவா, அதை உடைக்க இன்னொரு தாவா. அந்த ஊர்களுக்கு நடுவில்தான் நான் துணிப்பையும் குடையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். பை வைத்திருக்கிற பெண் எல்லாருமே அந்தப் பக்கத்தில் 'சிஸ்டர்'தான். ஊசி போடத் தெரியாது என்று சொன்னால்கூட நம்ப மாட்டார்கள்.

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டி எங்களுக்கு இரண்டு அறைகள். மாவட்டத்தில் யார் யார் புற்றுநோயால் இறக்கிறார்கள், எந்த உறுப்பில், எந்த ஊரில், வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது வேலை. எங்கள் பெரிய டாக்டர் சுவரில் மாவட்டப் படம் ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குண்டூசி குத்துவார். வாய்க்குப் பச்சை, கர்ப்பப்பைக்கு மஞ்சள், சிறுநீரகத்துக்குச் சிவப்பு. வெற்றிலையும் புகையிலையும் போடும் சீமை இது. படம் முழுக்கப் பச்சையாக இருக்கும். சிவப்பு அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அந்த ஊரில் மட்டும் சிவப்புக் குண்டூசிகள் குத்த இடமில்லாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

பெரிய டாக்டர் நல்ல மனுஷர். பொய் சொல்லத் தெரியாதவர், அதனால் மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதும் தெரியாதவர். டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் அந்தப் படத்தைக் காட்டி, "இந்த ஊரில் ஏதோ இருக்கிறது, ஆராய வேண்டும்" என்று பேசினார். அவர் சொன்னது அவ்வளவுதான். பின் வரிசையில் ஒரு நிருபர் உட்கார்ந்திருந்தார். ஒரு மாலைப் பத்திரிகையில், 'கிட்னியைத் தின்னும் கிராமம்' என்று, ஊர்ப் பெயரோடு கொட்டை எழுத்தில் வந்துவிட்டது.

அந்த ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் மாரிமுத்து. ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். அவர் அப்போது ஊர் மிராசுதாரோடு பூச்சிமருந்து விஷயமாக மோதிக்கொண்டிருந்தார். குறுவைக்கு மருந்து அடிக்கிற ஆட்கள் வெறும் உடம்போடு, மூக்கில் துணிகூட இல்லாமல் நாள் முழுக்க அடிப்பார்கள். சிலர் வரப்பிலேயே வாந்தி எடுத்து மயங்கி விழுந்திருக்கிறார்கள். அரை நாள் வேலைக்கு முழுக் கூலி, கைகால் கழுவச் சோப்பு, போட்டுக்கொள்ளச் சட்டை என்று கேட்டார். மிராசுதாருடைய காரியக்காரர், "வெறும் வயித்தோட வந்தா மயக்கம் வராம என்ன வரும்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் இந்தப் பத்திரிகை கையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? வாய்க்கால் பாலத்தருகில் மேடை போட்டு, மைக் கட்டி, "நம்ம கிட்னியை மருந்தா அடிச்சே தின்னுட்டான்யா" என்று மாரிமுத்து பேசினார். செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் கை தட்ட வைத்தார். அக்கம்பக்கத்து ஊர்க் கூட்டங்களிலும் பேசக் கூப்பிட்டார்கள். கும்பகோணம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அந்த ஊர் நிறுத்தம் வந்ததும், "கிட்னி எல்லாம் எறங்கு" என்று கிண்டல் செய்கிற அளவுக்கு விஷயம் பரவிவிட்டது.

பரவியது பட்டுக்கோட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் வந்தது வினை. மாரிமுத்துவின் மகள் செல்வி ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். அந்தத் தெருவிலிருந்து அவ்வளவு படித்த முதல் பெண். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் குத்தகை எடுத்து நடத்தும் ராமையா என்பவரின் மகனுக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவனுக்கு, அவளைப் பேசியிருந்தார்கள். பையன் பெண்ணைப் பார்த்தாயிற்று, பெண்ணும் பையனைப் பார்த்து ஒரு மாதிரி தலையை ஆட்டியாயிற்று. தாம்பூலம் மாற்றுவது மட்டும் பாக்கி. ராமையா வீட்டார் முதலில், "ஆடி போகட்டும்" என்றார்கள். அது நியாயம். ஆடி போனதும், "ஆவணில வேணாம், தை பாப்போம்" என்றார்கள். அதன் பிறகு சொல்லியனுப்பியவர்களுக்குப் பதிலே வரவில்லை.

மாரிமுத்து எங்கள் ஆபீசுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். மேடையில் கேட்ட குரல் அன்று இல்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய டாக்டர் முன்னால் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"எங்க ஊர்ல அந்த வியாதி இல்லைன்னு ஒரு கடுதாசி வேணும்ங்க" என்றார்.

பெரிய டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்தார். "எங்க கணக்கை வச்சுத்தானே போன வாரம் நோட்டீஸ் அடிச்சிருக்கீங்க? இருக்குன்னு?"

"அது மிராசுதாருக்குங்க. இது சம்பந்திக்கு."

நான் சிரித்துவிட்டேன். பெரிய டாக்டர் என்னை முறைத்தார். மாரிமுத்து முறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "வீட்ல பொண்ணு எங்கிட்ட பேசறதில்ல சிஸ்டர்" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கடுதாசி தர முடியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். சரிபார்க்காமல் ஒரு தடவை வாய் திறந்ததே அதிகம், மறுபடி திறக்க மாட்டேன் என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

நான் சொன்னேன்: "வீடு வீடா மறுபடி போய்ப் பாக்கிறேன் அண்ணே. என்ன வருதோ அதைச் சொல்றேன். ஆனா மிராசுதாருக்கு ஒண்ணு, சம்பந்திக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

சரி என்று தலையாட்டினார். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது.

ஊருக்குள் போனால் மரியாதை பலமாக இருந்தது. மேலத்தெருவில் காரியக்காரர் வழி மறித்து, "நிலத்து விலையைக் கெடுத்தது பத்தலையா, எங்க தண்ணியை வேற சோதிக்க வந்தீங்களா" என்றார். கீழத்தெருவில், "மருந்துதான் காரணம்னு நல்லா அழுத்தி எழுதுங்க சிஸ்டர்" என்று மோர் கொடுத்தார்கள். இரண்டு தரப்புக்கும் என்ன விடை வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்த நிலைமை நம் தொழிலுக்கு நல்லது.

முதல் சுற்றில் நாங்கள் பேசியது பெரும்பாலும் செத்தவரின் அண்ணன் தம்பிகளிடம். துக்க வீட்டில் ஆண்கள்தான் முன்னால் வந்து பதில் சொல்வார்கள். இந்தத் தடவை நான் அடுக்களைப் பக்கம் போய் மனைவிகளிடம் உட்கார்ந்தேன். முதல் வீட்டில் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும். புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை. வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தேன். என்ன வேலை, பீடி உண்டா, என்ன சாப்பாடு, எந்தத் தண்ணீர் குடித்தார்.

"எந்த ஊர்த் தண்ணியைக் கேக்கறீங்க சிஸ்டர்?" என்றாள் அந்த அம்மா.

எனக்குப் புரியவில்லை. இந்த ஊர்த் தண்ணீர்தான், கிணறா குழாயா என்றேன்.

"அவரு எங்க இந்த ஊர்த் தண்ணி குடிச்சாரு? படிப்பு முடிச்ச கையோட வடக்க ரயில்வேக்குப் போனவரு. நான் கல்யாணமாகி அங்கதான் போனேன். புள்ளைங்க எல்லாம் அங்கதான் பொறந்துச்சு. ஒன்னுக்குல ரத்தமா போச்சுன்னு அங்கதான் காட்டுனோம். இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னு டாக்டருங்க சொன்னதும், 'என்னை ஊருக்குக் கொண்டு போயிரு, உசுரு அங்கதான் போகணும்'னு ஒத்தக் கால்ல நின்னாரு. ரயில் பெஞ்சுல படுக்க வச்சுக் கொண்டாந்தோம். வந்து ஒரு மாசம் இருந்தாரு. எனக்கே இங்க யாரையும் தெரியாது. எந்தக் குழாய்ல எப்ப தண்ணி வரும்னு பக்கத்து வீட்ல கேட்டுத்தான் புடிக்கிறேன்."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த அம்மா கொடுத்த டீயைக் குடித்தேன். அது இஞ்சி போட்ட வடக்கத்தி டீ. அதைக்கூட நான் முன்பே கவனித்திருக்கலாம்.

வாய்க்கால் கரையோடு பஸ்ஸுக்கு நடந்து வந்தபோது எனக்கு எங்கள் ஊர் இடுகாடான மையவாடி ஞாபகம் வந்தது. நான் பிறந்தது கடலோரத்து முஸ்லிம் ஊர். எங்கள் தெரு ஆண்கள் பினாங்கு, சிங்கப்பூர், பிறகு துபாய் என்று போய்விடுவார்கள். கல்யாணத்துக்கு வருவார்கள், சுன்னத்துக்கு வருவார்கள், கடைசியில் மௌத்தாவதற்கு வருவார்கள். என் பெரியத்தா, அதாவது பெரியப்பா, பினாங்கிலேயே கடை வைத்து, அங்கேயே நோயில் விழுந்து, கப்பலில் வந்து இறங்கிய சில நாட்களில் போய்ச் சேர்ந்தார். "ஊர்லயே மௌத்தானாரு, கொடுத்து வச்சவரு" என்று தெருவே சொன்னது. எங்கள் மையவாடியில் அடங்கியிருக்கிற ஆண்களில் பாதிப் பேர் அந்த ஊரில் வாழ்ந்ததே கிடையாது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் ஆபீசில் உட்கார்ந்து, இறந்த இடத்தை வைத்துக் குண்டூசி குத்தும்போது அது தோன்றவேயில்லை. எனக்கு மட்டுமல்ல, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாருமே சாகும்போது ஊருக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான்.

மற்ற வீடுகளிலும் அதே கதை. ஒருவர் பம்பாய் மில்லில் இருந்தவர். ஒருவர் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து திரும்பியவர். ஒருவர் வாழ்நாளெல்லாம் லாரியில் இருந்தவர், எந்த ஊரில் வாழ்ந்தார் என்று அவர் மனைவிக்கே சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடமும் ரயிலடியும் பக்கத்தில் இருந்ததால் அந்த ஊர் ஆண்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாக வெளியே போயிருந்தார்கள், அதனால் அதிகமாகத் திரும்பி வந்திருந்தார்கள். அந்த ஊரிலேயே வாழ்ந்து அந்த நோயில் இறந்தவர்கள் என்று பார்த்தால், சுற்று வட்டாரத்து எந்த ஊரிலும் இருக்கிற அளவுதான். அவர்களிலும் யாரும் மருந்து அடித்தவர்கள் இல்லை.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய், ஒவ்வொரு சிவப்புக் குண்டூசியாகப் பிடுங்கி, அவரவர் வாழ்ந்த இடத்தில் குத்த ஆரம்பித்தார். பம்பாய் எங்கள் படத்தில் இல்லை. கொழும்பும் இல்லை. படத்துக்கு வெளியே வெறும் சுவரில் குத்தினார். பியூன் வந்து, சுண்ணாம்பு உதிருகிறது என்று புகார் செய்தார். "உதிரட்டும்" என்றார் டாக்டர். அன்று அவர்மீது எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. தன் கண்டுபிடிப்பைத் தன் கையாலேயே பிடுங்குகிறவர்கள் அபூர்வம். அவரே பத்திரிகைக்கு மறுப்பும் எழுதினார். நாலு வரியாகச் சுருக்கி, காணாமல்போன கறவை மாட்டு விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள். மாட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நேரில் போய்ச் சொல்வதுதான் வழி. நான் மாரிமுத்து வீட்டுக்குப் போனேன். கேட்டதும் மனுஷர் முகம் மலர்ந்தது. "கெளம்புங்க சிஸ்டர், பட்டுக்கோட்டைக்கு அடுத்த பஸ்ல போயிருவோம்" என்று சட்டையை எடுத்தார்.

"வரேன் அண்ணே. அதுக்கு முன்னாடி இதே சேதியை உங்க மீட்டிங்ல நீங்க சொல்லணும்."

சட்டை கையிலேயே நின்றது. "என்ன சொல்லணும்?"

"மருந்தால அந்த வியாதி வரலைன்னு. செத்தவங்க யாரும் அந்த வயலுக்குப் போனவங்க இல்லைன்னு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். "அறுப்பு வருது. நாளைக்கு அந்தக் காரியக்காரன் என் மொகத்துக்கு நேரா சிரிப்பான். எங்க ஆளுங்க வரப்புல வாந்தி எடுத்து விழுந்ததெல்லாம் பொய்யாங்க அப்ப?"

"பொய்யில்லை. அதைச் சொல்லுங்களேன்" என்றேன். எனக்கும் குரல் ஏறிவிட்டது. "விழுந்தவங்க உயிரோட இருக்காங்க. அவங்களை மேடைக்குக் கூப்பிட்டா வந்து பேசுவாங்க. நீங்க அவங்களை விட்டுட்டு, வடக்க ரயில்வேல இருந்தவர் பேரைச் சொல்லிக் கை தட்ட வச்சீங்க. அவர் பொண்டாட்டி அடுப்படில உக்காந்து மைக்குல அதைக் கேட்டிருக்கா. நாளைக்கு மிராசுதார் ஒரு வக்கீலை விட்டு இதை விசாரிச்சா, செத்தவங்க கதை பொய்னு ஆயிரும். அதோட சேத்து உயிரோட இருக்கிறவங்க கதையும் பொய்னு ஆயிரும்."

மாரிமுத்து சட்டையைக் கொடியில் மாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். செல்விதான் என்னை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட வந்தாள். அதுவரை அவள் குரலையே நான் கேட்டதில்லை.

"எங்கப்பா மைக்குல பேசுனது பட்டுக்கோட்டை வரைக்கும் கேட்டுருச்சு சிஸ்டர்" என்றாள். "இப்ப அதே மைக்குல மாத்திப் பேசச் சொல்றீங்க. எனக்காகப் பேசினா, பொண்ணுக்காகச் சங்கத்தை வித்துட்டான்னு சொல்லுவாங்க. அதுக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

"உனக்காகப் பேசச் சொல்லலைம்மா. நிஜத்துக்காகத்தான் பேசச் சொன்னேன்."

"அதை எங்கப்பாகிட்ட சொல்லுங்க. நீங்க பட்டுக்கோட்டையைச் சேத்துச் சொல்லிட்டீங்க, அதான் கோவிச்சுக்கிட்டாரு."

அவள் சொன்னது சரி. நான் இரண்டையும் ஒரு முடிச்சில் போட்டிருக்கக் கூடாது. பஸ் வரும் முன்னாலேயே திரும்பிப் போனேன். கொல்லையில் நின்றிருந்தவரிடம், "நீங்க மீட்டிங்ல பேசினாலும் பேசாட்டியும் நான் பட்டுக்கோட்டைக்கு வரேன் அண்ணே. அது எங்க ஆபீஸ் கெடுத்தது, நாங்கதான் சரி பண்ணணும். மீட்டிங் உங்க பாடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளைகளே, இதில் உங்களுக்கு ஒன்று இருக்கிறது. உண்மையைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதற்காக அடுத்தவன் கையை முறுக்கக் கூடாது. நீட்டினால் போதும், எடுத்துக்கொள்கிறவன் எடுத்துக்கொள்வான்.

அவர் எடுத்துக்கொண்டார். அந்த வாரமே பாலத்தடிக் கூட்டம். நான் டீக்கடை ஓரமாக நின்றிருந்தேன். காரியக்காரரும் சற்றுத் தள்ளி சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். மாரிமுத்து மைக்கைப் பிடித்துச் செருமிக்கொண்டு, "போன கூட்டத்துல நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தார். செத்தவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். அவர்கள் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். கூட்டத்தில் சலசலப்பு. காரியக்காரர் சத்தமாகவே சிரித்தார். பின்னாலிருந்து ஒருவர், "பொண்ணு கல்யாணமா தோழரே" என்று கேட்டார்.

"ஆமாய்யா, பொண்ணு கல்யாணமும்தான்" என்றார் மாரிமுத்து. "அதுக்காகச் சொன்னா மட்டும் இது பொய்யாயிருமா?" பிறகு, "மருந்து அடிச்சு வரப்புல விழுந்தவன்லாம் மேடைக்கு வா" என்றார்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர் வந்தார். அவர் கையில் தோல் வெந்து உரிந்திருந்தது. இன்னொருவர் வந்தார். வந்துகொண்டே இருந்தார்கள். மேடை கொள்ளவில்லை, கீழே நின்றார்கள். ஒவ்வொருவரும் எந்த வயலில், எந்த வரப்பில் விழுந்தேன், யார் தூக்கிக்கொண்டு போனது என்று சொன்னார்கள். காரியக்காரர் எப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார் என்று நான் பார்க்கவில்லை. கேட்டது எல்லாம் கிடைத்துவிடவில்லை. அரை நாள் வேலையும் சோப்பும் அந்தப் பருவத்திலேயே கிடைத்தன. சட்டைக்கு இன்னும் கொஞ்ச காலம் சண்டை போட வேண்டியிருந்தது.

பிறகு பட்டுக்கோட்டைக்குப் போனோம், மாரிமுத்துவும் நானும். ராமையா வீடு தோப்புக்குள் இருந்தது. வாசலில் மட்டை உரித்துக் குவித்திருந்தார்கள். மனுஷர் மரியாதையாக நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுவிடாமல் கேட்டார். கடைசியில், "நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க" என்றார். "அந்த ஊர்க்காரங்களுக்கு இந்த வியாதியே வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

மாரிமுத்து என்னைப் பார்த்தார். ஒரு கையெழுத்தில் முடிகிற விஷயம் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. போட்டுத் தொலைத்தால் என்ன என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது, மறைப்பானேன். அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது.

"மாட்டேங்க" என்றேன். "உங்க ஊர்ல வராதுன்னும் எழுதிக் குடுக்க மாட்டேன். இந்த வியாதி எல்லா ஊர்லயும் கொஞ்சம் இருக்கு. முன்னாடியும் இருந்திருக்கும். ஸ்கேன் மிஷின் இப்பத்தான் கும்பகோணத்துக்கே வந்திருக்கு. அதுக்கு முன்னாடி ஒன்னுக்குல ரத்தம் போச்சுன்னா யாரும் அதுக்கு இந்தப் பேர் வைக்கல."

தோப்பில் எங்கோ காய் விழுந்தது. உள்ளேயிருந்து ராமையா மனைவியின் குரல் வந்தது.

"உங்கப்பாவுக்கும் அப்படித்தானே போச்சு. சூடுன்னு சொல்லி எளநியா வெட்டிக் குடுத்தோம். குடிக்கக் குடிக்க மெலிஞ்சுக்கிட்டே போனாரு."

"நீ சும்மா இரு" என்றார் ராமையா. ஆனால் குரலில் வேகம் இல்லை. என்னைப் பார்த்து, மெதுவாக, "அது இதுதானாங்க?" என்று கேட்டார்.

"இதுதான்னு என்னால சொல்ல முடியாதுங்க. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றேன்.

அவர் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவை நினைத்துக்கொண்டார் என்று தெரிந்தது. மாரிமுத்து இளநீர் மட்டையை ஓரமாக வைத்தார், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் சொன்னார்:

"அப்ப நாங்க கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லணும், சம்பந்தி."

ராமையா நிமிர்ந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், அதில் கொஞ்சம் அவர் அப்பாவுக்காக இருந்திருக்கலாம். துடைத்துக்கொண்டு, உள்பக்கம் திரும்பி, "தட்டை எடுத்துட்டு வா, வெத்தலை பாக்கு வை" என்றார்.

"அதெல்லாம் அப்பவே வச்சாச்சு" என்றது உள்ளேயிருந்த குரல்.